எட்டாம் தடம்

உறைபெட்டிக் கதவில் ஒட்ட
ஒரு தாள் எழுதிக் கொடு என்றார் தோர்வால்ட்சன்.
புதிதாக வருகிறவர்கள்
ஒரே கேள்வியை ஒன்பது தரம் கேட்கிறார்களாம்.

ஜெல்லில் பட்டைகள் ஏன் இளிக்கின்றன?
வோல்ட்டைக் கூட்டியிருக்கிறாய். நூறுக்கு இறக்கு.

தட்டில் ஒரு காலனிகூட முளைக்கவில்லையே?
பாக்டீரியாவை ஐஸில் வைத்தாயா,
மேசையில் வைத்துவிட்டுக் காபிக்குப் போனாயா?

தட்டு முழுக்க முளைத்துவிட்டதே?
ஆம்பிசிலின் போட மறந்திருக்கிறாய்.
மகிழாதே.

என்சைமை எங்கே வைப்பது?
எடுத்த இடத்தில். உடனே.

பதினோராவது கேள்வியில் பேனா நின்றது:
வெறும் தண்ணீர் ஊற்றிய தடத்தில்
பட்டை தெரிந்தால்?

தெரியக் கூடாது என்று எழுதி
அடித்தேன்.
சென்ற செவ்வாய் தெரிந்தது.

வின்னிபெக், ஜனவரி, மைனஸ் முப்பத்தாறு.
வெளியே கார்களெல்லாம்
மூக்கில் வயர் செருகிய நோயாளிகளாய் வரிசையில்.
உள்ளே ஹீட்டரின் வறட்டுக் காற்று.
கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும்.
என் விரல் கணுக்கள் வெடித்து
தோல் மாவாய் உதிர்கிற மாதம்.

ஏழு தடங்களில் நாங்கள் திருத்திய செல்கள்.
இரத்தத்துக்குச் சிவப்பு தரும் மரபணுவில்
வெட்டிய இடம் சரிதானா என்று பார்க்க.
எட்டில் தண்ணீர்.
புறஊதா விளக்கைப் போட்டேன்.
எட்டும் எரிந்தது, மெலிதாக,
உள்ளே யாரோ இருப்பதைச் சொல்லிவிடும்
கதவிடுக்கு வெளிச்சம் போல.

தண்ணீரை மாற்றினேன். ப்ரைமரை மாற்றினேன்.
பைப்பெட்டைக் கழற்றிப் ப்ளீச்சில் துடைத்தேன்.
போகவில்லை.
"வெட்டி எடுத்து எழுத்துகளைப் படித்துவிடேன்,
நம் செல்லா வேறு ஆளா தெரிந்துவிடும்"
என்றாள் ஹாலினா.

வேறு ஆள்தான்.

திரையில் நான்கு நிறத்தில் குன்றுகள்,
ஒன்றன்பின் ஒன்றாய், ஒழுங்காய்.
ஓரிடத்தில் மட்டும்
ஒரே அடியில் இரண்டு:
ஜியும் உண்டு, சியும் உண்டு.
அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று.
யாருடைய அம்மா? யாருடைய அப்பா?
இந்த மேசையைத் தொடுகிறவர்கள் நாலு பேர்.

அந்த எழுத்துப்பிழை என்ன செய்யும் என்று தெரியும்,
அதைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம்.
ஒற்றையாய் இருந்தால் பெரிதாய் ஒன்றுமில்லை.
முகம் கொஞ்சம் வெளுக்கும், படியேறினால் இரைக்கும்.
டாக்டர் இரும்பு மாத்திரை எழுதுவார்.
இரும்பு ஒன்றும் செய்யாது.

என் கைப்பையின் அடியில்
பதினோரு வருடத்து இரும்பு.
கறி தின்னாததால்தான் என்று
மூன்று ஊர்களில் மூன்று டாக்டர்கள் சொன்னார்கள்.

ஆனால் டெல்ஃபினும்
மாடிப்படியில் பாதியில் நின்று
போனைப் பார்ப்பதாய் நடிக்கிறான்.
மார்ச்சில் அவனுக்குக் கல்யாணம்.
கேட்கலாமா?
கன்னத்தின் உள்ளே ஒரு பஞ்சுக்குச்சி போதும்.
சம்மதப் படிவம் இல்லாமல்
யாரையும் படிக்கக் கூடாதென்று
இந்தத் தாளின் முதல் வரியில் எழுதியவள் நான்.
படித்தாயிற்று, யாரையோ.

இன்று எல்லோரும் போன பின்
கணுக்களில் வாசலின் தடவி
கையுறையைச் சட்டைக் கைக்கு மேலே இழுத்துவிட்டு
புதுத் தண்ணீரில் மறுபடி ஓட்டினேன்.
எட்டு இருட்டாய் இருந்தது.
இருட்டுக்குச் சந்தோஷப்படுகிற வேலை இது.
கொஞ்ச நேரம்
விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளில் எழுதினேன்:
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு.
யார் என்று தேடாதே.

ஒட்டிவிட்டு,
பஞ்சுக்குச்சி ஒன்றை, ஒன்றே ஒன்றை,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
காரின் மூக்கிலிருந்து
வயரை உருவினேன்.